பரணில் அடுத்தவர் விதை

வைகாசி 2, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. சுவரெல்லாம் ஈரம். அடுப்பு நன்றாக எரிகிறது, வீட்டுக்குள் ஒரு பொட்டுப் புகை இல்லை. நாசமாய்ப் போக.

நடவுக்கு இன்னும் இரண்டு வாரம். விதைப்பூண்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பரணில் ஏறினேன். கை வைத்த முதல் கத்தை கொழகொழவென்று விரலோடு வந்தது. உள்ளே பச்சைப் பூசணம். அடுத்ததில் பல்லுக்குப் பல் முளை, நகம் நீளத்துக்கு. அதற்கடுத்தது கறுத்துத் தண்ணீர் விடுகிறது. அண்ணாந்து பார்த்தபோது ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. எத்தனை தடவை கொப்பளித்தும் போகவில்லை. செத்த எலியையும் பூண்டையும் சேர்த்து அரைத்த நாற்றம்.

என் பூண்டு மட்டும் என்றால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இந்தப் பரணில் ஐந்து வீட்டு விதை தொங்குகிறது.

எங்கள் தெருவில் அது வழக்கம். பூண்டு புகையில் காய்ந்தால்தான் விதைக்கு நிற்கும். ஒரு வேளை மட்டும் அடுப்பு மூட்டுகிற வீட்டில் அந்தப் புகை பற்றாது. என் அடுப்போ விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எரியும். பொதிக்குதிரைக்காரர்களுக்குக் காப்பியும் கஞ்சியும் நான்தான். அதனால் எல்லார் விதையும் என் பரணில். கூலி கிடையாது. வாரத்துக்கு ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போடுவார்கள். கத்தை மாறாமல் இருக்க வீட்டுக்கொரு நிறத்தில் கிழிசல் துணி கட்டுவது.

எங்கள் வீடு: வெள்ளை. மாவு மூட்டைத் துணி.
பட்டாளத்தார் வீடு: காக்கி. வேறென்ன.
பூசாரி வீடு: மஞ்சள்.
மேலவீட்டு அண்ணன் தம்பிகள்: ஊதா.
காளியம்மா: சிவப்பு. ஒன்பதே கத்தை. அவள் காடு முழுவதற்கும் அதுதான்.

ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் கதை சொல்கிறவள் நான். இதை யாரிடம் சொல்வது? அதனால் இந்த நோட்டில்.

வைகாசி 3, புதன்

பனி. பால் திரிந்துவிட்டது. சேவல் காலையில் கூவவில்லை, அதற்கும் குளிர்.

இந்த அடுப்பு வந்த கதை. மாசியில் அறுப்பு முடிந்து கத்தை கட்டுகிற சமயம். கீழ்நாட்டிலிருந்து ஒரு கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். ரோடு முடிகிற இடத்தில் லாரியை விட்டுவிட்டு நடை. புரபசர் ஒருவர், பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பெண்கள் இரண்டு பேர். புரபசரின் பூட்ஸ் பளபளவென்று இருந்தது. எங்கள் தெருவுக்குள் வந்தபோது ஒரு பூட்ஸ் குதிரைச் சாணியில். அவர் குனிந்து பார்க்கவே இல்லை, அதுவரைக்கும் பெரிய மனுஷர்தான்.

என் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல என்ன குறைன்னு நீங்கதான் சொல்லணும். நாங்க படிச்சவங்க, நீங்க வாழ்றவங்க. ரெண்டு பேரும் சேந்தாத்தான் காரியம்."

கேட்க நன்றாக இருந்தது. பட்டாளத்தார் ரோடு வேண்டும் என்றார். பூசாரி, கோயில் கூரை. பெண்கள் நாங்கள், புகை. கண் எரிச்சல், இருமல். பொய்யில்லை, என் கண் இரண்டும் கோவைப்பழம்போல் இருக்கும். ரோட்டையும் கூரையையும் தலையாட்டிக் கேட்டவர், புகை என்றதும் பைக்குள் கைவிட்டு ஒரு படத்தை எடுத்தார். குழாய் வைத்த மண் அடுப்பு. எங்களைக் கேட்பதற்கு முன்னாலேயே கீழே வரைந்து கொண்டுவந்த படம்! எல்லாரும் கை தட்டினோம். நானும்தான்.

முதல் அடுப்பு என் வீட்டில். சுவரில் தாரில் எழுதினார்கள்: பு.அ. 1. புகையில்லா அடுப்பு ஒன்று. இரண்டு இன்னும் வரவில்லை.

சாந்து குழைக்கும்போது சுகந்தி என்ற பெண் பரணைக் காட்டிக் கேட்டது. நோட்டும் பென்சிலும் கையில்.

"அக்கா, மேல கத்தை கத்தையாத் தொங்குதே, அது எதுக்கு?"

கேட்டது. நியாயமாகக் கேட்டது. ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். என் வாய் இருக்கிறதே. பரண் என்றதும் கரடி ஞாபகம் வந்தது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் தேனுக்காகக் கூரையைப் பிரித்துக் கரடி ஒன்று பரணில் இறங்கியது, தேன் என்று நினைத்துப் பூண்டைக் கடித்தது, விடாமல் தும்மியது. கீழே தூக்கத்தில் இருந்த என் மாமியார் புருஷன்தான் தும்முகிறார் என்று, "தும்முறதுன்னா வெளிய போயித் தும்முங்க" என்று அதட்டினாள். கரடி வந்த வழியே வெளியே போய்விட்டது. சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஆம்பிளை அந்தக் கரடிதான் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புரபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் நேரமாகிவிட்டது, எழுந்துவிட்டார்கள். புகை விஷயம் என் நாக்கிலேயே நின்றது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு போகிறவர்களை எதற்கு நிறுத்துவது என்று விட்டேன்.

எட்டு நாளில் கண் தெளிந்தது. ஊசியில் நூல் கோத்தேன், பத்து வருஷத்துக்குப் பிறகு. அந்தச் சந்தோஷத்தில் பரணை அண்ணாந்து பார்க்கவே இல்லை. இல்லை, இங்கேயாவது நிஜம் எழுத வேண்டும். ஒருநாள் பார்த்தேன். கொஞ்சமாவது புகை மேலே போகும் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி ஊசியை எடுத்தேன்.

வைகாசி 4, வியாழன்

மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பரணில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். கையை மோந்தார். பேசாமல் குதிரைக்குக் கொள்ளு வைக்கப் போனார். அவர் அப்படித்தான். கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் என்னோடு முதல் பேச்சு. "உப்பு" என்றார். அதிகமா, குறைச்சலா என்று இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பி வந்து, "செவப்பு மட்டும் நல்லாருக்கு, பாத்தியா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். நிஜம். காளியம்மாவின் ஒன்பது கத்தையும் காகிதம்போல் சலசலவென்று, புகையிலை நிறத்தில். அவள் கடைசியாகக் கொண்டுவந்தாள், அதனால் அவளுக்குக் கடைசி மூலை. தனியாக இருக்கிறவளுக்கு எதிலும் அந்த மூலைதானே. அந்த மூலை வழியாகத்தான் அடுப்புக் குழாய் வெளியே போகிறது. குழாயின் மூட்டில் ஒரு விரிசல். மூன்று மாதமாக அந்த விரிசல் அவள் பூண்டுக்கு மட்டும் புகை ஊட்டியிருக்கிறது.

மத்தியானம் அவளே வந்தாள், தலையில் விறகோடு.

"மதினி, வெறகு எங்க போட?"

"பின்னால போடு."

"பின்னால ஏற்கெனவே மலையாட்டம் கெடக்கே. எரிக்கிறீங்களா, பூசை பண்றீங்களா?"

சிரித்து வைத்தேன். புது அடுப்பு பாதி விறகுதான் தின்கிறது. புகைக்காக அவர்கள் கொண்டுவந்த விறகு. புகை கொடுக்கவில்லை, விறகை வாங்கிக்கொண்டேன். வேறு எவளாவது செய்திருந்தால் தெருவில் நின்று திருடி என்றிருப்பேன்.

"என்ன மதினி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"பல்லு வலி."

"எம் பூண்டுல ஒரு பல்லு எடுத்துத் தட்டி வச்சுக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் புருஷன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் நாலு வருஷம். கடிதம் இல்லை. அந்தத் துண்டுக் காட்டில்தான் அவள் சாப்பாடு. தன் விதையில் ஒரு பல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். தூ, என்னை.

வைகாசி 5, வெள்ளி

தபால்காரர் வந்தார். முழங்கால் வரை சகதி. கல்லூரிக் கார்டு. செவ்வாய்க்கிழமை புரபசர் வருகிறாராம், பு.அ. 1-ஐப் பார்க்க ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு. "அடுப்பையும் சுவரையும் மெழுகிச் சுத்தமாக வைக்கவும்." இரண்டு தடவை படித்தேன். பூண்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எப்படி இருக்கும், நான்தான் கரடியைச் சொல்லி அனுப்பினேனே.

கடப்பாரையை எடுத்துப் பரண் உயரத்தில் குழாயை உடைத்தேன். புகை குபுகுபுவென்று. கண் பற்றி எரிந்தது. பூண்டுக்கு இனி எதற்கு? பிணத்துக்குக் கஷாயம் கொடுத்த மாதிரி. முளைக்காத, அழுகாத பல் பத்தில் ஒன்று கிடைத்தாலும் லாபம் என்று ஒரு நப்பாசை.

தபால்காரர் இரண்டு டம்ளர் காப்பி குடித்தார். நாற்றம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மரியாதையா, சளியா தெரியவில்லை.

வைகாசி 6, சனி

வெள்ளனே பரணில் ஏறினேன். குழாய் மூலையில் தொங்கிய ஒன்பது நல்ல கத்தையிலும் வெள்ளைத் துணி. சிவப்புத் துணி ஒன்பதும் அழுகலில்.

புகையில் கண் மாறாட்டம் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன். முடிச்சு, பொதி முடிச்சு. சரிவில் குதிரை குலுங்கினாலும் அவிழாமல் நுனியை இரண்டு தரம் உள்ளே சொருகுவது. இந்தத் தெருவில் அது ஒரே கைக்குத்தான் வரும். நான் சோறு போடுகிற கை.

எட்டு வயதில் நாயுடுபுரத்தில் ஒரு பள்ளி விடுதியின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு துணியிலும் பிள்ளையின் பெயரில் முதல் எழுத்து, சிவப்பு நூலில். துணி மாறினால் புறங்கையில் அடி. அந்த அடியில் கற்றதுதான் என் எழுத்து, பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஒருத்தர் அடையாளத்தை இன்னொருத்தர் பொருளில் வைப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் புறங்கை வலிக்கும்.

இறங்கிப் போய் அவரைப் பிடித்தேன். "என்ன காரியம் பண்ணிருக்கீங்க?"

"எந்தக் காரியம்?"

"பொதி முடிச்சு போடுற கை இந்தத் தெருவுல எத்தன இருக்கு?"

சேணத்தைத் தடவினார். பிறகு அவர் ஆயுளுக்கே பெரிய பேச்சு:

"நம்ம பரணு, நம்ம பொக. அவ பூண்டு நல்லாருக்கறது என்ன அவ சாமர்த்தியமா? ஓட்டக் கொழாயி. நாலு வீட்டு வெதையும் போயிருச்சு. அஞ்சாவதும் போச்சுன்னு சொன்னா யாரு நம்ப மாட்டா? நம்ம காடு தரிசாக் கெடக்கணுமா?"

"அவ காடு?"

"கரடிக் கதை சொன்னது நானா?"

உள்ளே வந்து கஞ்சி வைத்தேன்.

துணியைத் திருப்பிக் கட்டவில்லை. எழுதவே கூசுகிறது. இரண்டு நிமிஷ வேலை. நம் காடு தரிசாகக் கிடக்கணுமா என்ற சொல் காதில் நின்றது, கை எழவில்லை. அவரைத் திட்டிய வாயால் அந்த முடிச்சுக்கு நானும் ஒரு சுற்றுப் போட்டேன்.

பொழுது சாய காளியம்மா நெருப்பு வாங்க வந்தாள். பரணுக்குக் கீழே நின்று அண்ணாந்தாள்.

"பொக மறுபடி வருதே மதினி?"

"குழாய் ஒடஞ்சிருச்சு."

"ஓ."

கடைசி மூலையை ஒரு தரம் பார்த்தாள். போனாள்.

வைகாசி 7, ஞாயிறு

மழை. ஒரு குதிரைக்கு லாடம் கழன்றது. துணியை இன்றும் திருப்பிக் கட்டவில்லை. நாற்றம் தலைமுடியில் ஏறிவிட்டது. சீயக்காய் போட்டும் போகவில்லை.

வைகாசி 9, செவ்வாய்

வந்து போனார்கள். எழுதிவிட்டுத்தான் கை கழுவ வேண்டும்.

புரபசர், கோட்டுப் போட்ட பெரிய மனிதர், படம் பிடிக்கிறவர், ஒரு கொத்தனார், சுகந்தி. வாசலில் தெருவே நின்றது. பெரிய மனிதர் உள்ளே கால் வைத்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"என்னம்மா இது? குழாயை யார் ஒடச்சது?"

"நாந்தாங்க."

கதை சொல்லக் கூடாது என்று காலையிலேயே முடிவு. ஒரே மூச்சில் சொன்னேன்: "பொக இல்லாம வெதப்பூண்டு அழுகிருச்சுங்க. எங்க தெரு வெதை. பூண்டுக்குப் பொக வேணுங்க."

தெருவுக்கே அப்போதுதான் தெரியும். பட்டாளத்தார் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பூண்டா? அடுப்பைப் பத்திப் பேசும்போது பூண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் புரபசர். பெரிய மனிதர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது. டர்ட்டி. சலவைக்கூடத்தில் வளர்ந்தவளுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் அது தெரியும். பெரிய மனிதர் தலையாட்டினார்.

சுகந்தி யாரையும் கேட்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறியது. கை நிறைய அழுகலோடு இறங்கியது.

"சார், மோந்து பாருங்க சார். இவங்க சொல்றது சரி. தனியா ஒரு புகைக் குடிசை போட்டுக் குடுத்தா அடுப்பும் இருக்கும், விதையும் இருக்கும்."

புரபசர் ஓரடி பின்னால் போனார். "நல்ல யோசனைம்மா. அடுத்த வருஷத் திட்டத்துல சேப்போம். இப்ப வெளிச்சம் போயிட்டிருக்கு."

கொத்தனார் ஈரச் சாந்தை அப்பி உடைசலை மூடினார். அவ்வளவுதான், என் கடப்பாரை வேலை கால் நாழிகையில் மறைந்தது. என்னை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சட்டி வைக்கச் சொன்னார்கள். சட்டியில் ஒன்றுமில்லை.

"சிரிங்கம்மா" என்றார் படம் பிடிக்கிறவர்.

சிரித்தேன். தலைக்கு மேல் நாலு வீட்டு விதை சொட்டிக்கொண்டிருக்கிறது, நான் பல் தெரியச் சிரித்தேன். அவர்களைச் சொல்லி என்ன. அழுகல் பரணில் மட்டும் இல்லை.

எல்லார் கண்ணும் படப்பெட்டி மேல். காளியம்மா மட்டும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

போகும்போது சுகந்தி தனியாக வந்தது. "அக்கா, பூண்டுன்னு எழுதினேன், எதுக்குன்னு எழுதாம விட்டுட்டேன். எனக்கும் சிரிப்புல மறந்துருச்சு."

"போம்மா. மழை வருது, வெரசாப் போ."

அது கை கழுவத் தண்ணீர் மொண்டு நீட்டினேன். வேண்டாம் என்று அப்படியே போனது. அந்த ஒன்றின் மேல்தான் எனக்கு அருவருப்பு வரவில்லை.

அவர்கள் திருப்பம் தாண்டுவதற்குள் ஈரச் சாந்தை விரலால் நோண்டி எடுத்தேன்.

வைகாசி 10, புதன்

வெயில், ஒரு வாரத்தில் முதல்.

காலையில் வீடு வீடாகப் போனேன். பூசாரி, "சாமி விட்ட வழி" என்றார். அவர் சாமி எல்லாவற்றுக்கும் வழி விடும். மேலவீட்டுக்காரர்கள் மச்சான் ஊரில் விதை கேட்பார்களாம். பட்டாளத்தார் மனைவி, "வெறகு மட்டும் கணக்கா வாங்குனியே" என்று என் காலடியில் துப்பினாள். துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு காளியம்மாவைக் கூட்டிவந்தேன். வீட்டுக்காரர் குதிரைப் பக்கம் நழுவப் பார்த்தார். "இங்க நில்லுங்க" என்றேன். நின்றார். ஒன்பது கத்தையையும் இறக்கி அவள் முன்னால் வைத்து வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். பொதி முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

"இது ஒன்னுது காளி. துணி மாத்திக் கெடந்துச்சு."

"தெரியும் மதினி."

"எப்பலருந்து?"

"சனிக்கெழம நெருப்பு வாங்க வந்தேன்ல. பெத்த புள்ளைக்குச் சட்டைய மாத்திவிட்டாத் தாய்க்குத் தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா நீங்க குடுத்துருவீங்க. கேக்காமக் குடுக்கறீங்களான்னு பாத்தேன்." விரலை மடக்கினாள். "சனி. ஞாயிறு. திங்க. நேத்து அம்புட்டுப் பேரு முன்னால வாயத் தொறந்தீங்க, அப்பயாவது சொல்வீங்கன்னு நின்னேன். சிரிச்சீங்க."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்து, "காளி, நாந்தான்..." என்றார்.

"அண்ணே, ஒங்கள நான் பெருசா ஒண்ணும் நெனச்சதில்ல. அதனால வருத்தமும் இல்ல."

கூடையில் அடுக்கித் தூக்கிக்கொண்டாள். எங்கள் துணியைக் கீழே போட்டுவிட்டுப் போனாள்.

மதியம் அவர் சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வைகாசி 12, வெள்ளி

அழுகல் முழுவதையும் இறக்கிக் குழி தோண்டிப் புதைத்தோம். ஏழு கூடை. அவர் தோண்டினார், நான் கொட்டினேன். நாய்கூடப் பக்கத்தில் வரவில்லை. எங்களுக்குத் தேறியது இரண்டு கை நிறையப் பல். வைத்துக்கொண்டு என்ன செய்ய.

மிஞ்சிய விறகை நாலாகப் பிரித்து அவரவர் வாசலில் போட்டேன். பட்டாளத்தார் வீட்டில் திருப்பித் தெருவில் எறிந்துவிட்டார்கள்.

வைகாசி 15, திங்கள்

லேசான தூறல், நடவுக்கு நல்ல நாள். காளியம்மா காட்டில் இன்று நடவு.

எங்கள் பக்கம் நடவுக்குக் கூலி ஆள் இல்லை. ஒருத்தி காட்டுக்கு எல்லாரும், பிறகு எல்லார் காட்டுக்கும் அவள். முதல் நாள் மாலை வீட்டுக்கு வீடு வந்து கூப்பிட வேண்டும். நேற்று அவள் இந்தத் தெருவில் எல்லா வாசலிலும் நின்றாள். என் வாசலைத் தாண்டிப் போனாள்.

என் அடுப்படியிலிருந்து பார்த்தால் அந்தக் காடு தெரியும். ஏழெட்டு முதுகு வரிசையாக. பட்டாளத்தார் மனைவியின் குரல் இங்கே வரை கேட்கிறது. எதற்கோ சிரிக்கிறார்கள்.

"போயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"கூப்புடலயே."

"நாங்கூடத்தான் ஒன்ன ஒரு நாளும் கூப்புட்டதில்ல, நீயாத்தான் குடும்பம் நடத்துன" என்றார். அவரிடம் இவ்வளவு பேச்சு இருந்ததா!

கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். இந்த வயதில் கூப்பிடாத நடவுக்கு. வரப்பில் நின்றேன். சிரிப்பு நின்றது. முதுகுகள் நிமிரவில்லை. தூறல் வலுத்தது, தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டேன். திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

காளியம்மா கடைசி வரிசையில். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் பல் பிரித்து வைத்த கூடை ஒன்று. நட்டுக்கொண்டே அதை என் பக்கம் தள்ளினாள்.

காலால்.

எடுத்துக்கொண்டேன்.